மதுரையில் ஆடியோ நடை ஆப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன மாதம் அம்மாவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 67 வயது. மூட்டு வலி உண்டு, கண் பார்வையும் மங்கல். பலகைகளில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதை அவர்களால் படிக்க முடியாது. கைடு வைத்தால் அவர் வேகத்துக்கு ஓட வேண்டியிருக்கும். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, போன் ஒவ்வொரு இடத்தின் கதையையும் சொல்ல நம் போக்கில் நடக்கலாம், கால் வலித்தால் உட்காரலாம் என்பதால்தான் ஆடியோ நடை எனக்குப் பிடித்துப்போனது.

தங்கிய விடுதியின் வரவேற்பு மேசையில் ஒரு அட்டை இருந்தது. ஸ்கேன் செய்தால் ஆப் இறங்கும். தலைக்கு 349 ரூபாய். 18 இடங்கள், தமிழில் விளக்கம், நெட் இல்லாமலும் ஓடும், அந்தந்த இடத்துக்குப் போனதும் தானாகவே பேசும் என்று போட்டிருந்தது. ஒரு கணக்கு ஒரு போனில்தான் ஓடும் என்பதால் அம்மாவின் போனிலும் தனியாக வாங்கினேன். 698 ரூபாய். ஆப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே மாதிரி ஆப் இன்னும் எத்தனையோ இருக்கும், எதற்குப் பணம் கட்டினாலும் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

'காலை 10.30 மணிக்கு மஹாலில் தொடங்குவது சிறந்தது' என்று ஆப் சொன்னது. அப்படியே திருமலை நாயக்கர் மஹாலில் தொடங்கினோம். உள்ளே போனதும் முதல் ஒலிப்பதிவு பாதியிலேயே நின்றுவிட்டது. முந்தின இரவே விடுதி வைஃபையில் முழுவதையும் இறக்கி வைத்திருந்தேன், பச்சை டிக்கும் காட்டியது. திறந்து பார்த்தால் ஒவ்வொரு இடத்துக்கும் முதல் நாற்பது நொடி மட்டும்தான் போனில் இருக்கிறது. மீதிக்கு நெட் வேண்டும். அந்தத் தடித்த சுவர்களுக்குள் என் போனில் ஒரே ஒரு கோடுதான் சிக்னல். அம்மா அவ்வளவு பெரிய தூண்களுக்குக் கீழே இயர்போனைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்ததை நானே சொன்னேன். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியது, இன்று நிற்பது அதில் கால்வாசிதான், பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து நிறையப் பிரித்துக்கொண்டு போனார்கள் என்று. அம்மா ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்கள். அதைச் சொல்லத்தானே பணம் வாங்கினார்கள்?

அடுத்தது பத்துத் தூண். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் பத்து பிரம்மாண்டமான தூண்கள் கூரையில்லாமல் நிற்கும். மஹாலிலிருந்து இவ்வளவு தள்ளி நிற்கும் இந்தத் தூண்களைப் பார்த்தால்தான் அந்த அரண்மனை எத்தனை பெரிதாக இருந்திருக்கும் என்று மனசில் உறைக்கும். மதுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. தூண்களுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றோம், ஆப் வாய் திறக்கவில்லை. சந்தைத் தாண்டி வெளியே வந்த பிறகு, 'உங்கள் எதிரே இருக்கும் தூண்களைப் பாருங்கள்' என்றது. எதிரே இருந்தது ஒரு பாத்திரக் கடை. நெருக்கமான தெருக்களில் ஜிபிஎஸ் பத்திருபது மீட்டர் தள்ளிக் காட்டுவது சகஜம்தான். அதனால்தான் நல்ல ஆடியோ நடைகளில் ஒவ்வொரு இடத்துக்கும் எண் இருக்கும், நாமே அழுத்திக் கேட்டுக்கொள்ளலாம். இதில் அந்த வசதியே இல்லை.

விளக்குத்தூண் வந்தது. நாயக்கர் படைகளுக்கு வழி காட்ட ஏற்றிய விளக்கு என்றது ஆப். இது சுத்தத் தப்பு. 1840-களில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விரிவாக்கியவர் கலெக்டர் பிளாக்பர்ன். அவர் நினைவாக வைத்த தூண் அது. இன்றைய வெளி வீதிகள் எல்லாம் அந்தக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த வரிசைதான். ஊரின் வடிவமே மாறிப்போன ஒரு நிகழ்ச்சியை ஒரு கட்டுக்கதையால் மூடிவிட்டார்கள். போதாததற்கு அதே இடத்தில், கீழ மாசி வீதியில் ஆட்டோவும் மூட்டை வண்டியுமாக நெரியும்போது, 'இப்போது சாலையைக் கடக்கவும்' என்று குரல் சொல்ல, அம்மா அதை நம்பிக் காலை எடுத்து வைத்துவிட்டார்கள். கையைப் பிடித்து இழுத்தேன். அதற்கப்புறம் அம்மாவின் காதில் நான் இயர்போன் மாட்டவில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நடக்கிற ஊர் இல்லை அது.

கீழச் சித்திரை வீதியில், 'சித்திரைத் தேர் ஓடும் தெரு இதுதான்' என்றது. நான் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அம்மாவும் கேட்டார்கள். "என்ன கண்ணு, தேரு மாசி வீதியிலதான ஓடும்? நான் சின்னப்புள்ளையா இருக்கறப்ப மாடியில நின்னு பாத்தனே" என்றார்கள். அம்மா சொன்னதுதான் சரி. சித்திரைத் திருவிழாத் தேரோட்டம் நான்கு மாசி வீதிகளில்தான். தெருப் பெயரை வைத்து யாரோ ஊகித்து எழுதியிருக்கிறார்கள். மதுரையில் ஒரே ஒரு நாள் இருந்த யாரும் இப்படி எழுத மாட்டார்கள்.

கோவிலுக்கு எதிரே இருக்கும் பழைய தூண் மண்டபமான புது மண்டபத்துக்கு முன்னால் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. 'தூண்களுக்கு இடையே தையல் இயந்திரங்களின் ஓசையைக் கேளுங்கள்' என்றது குரல். மண்டபம் வெறிச்சோடிக் கிடந்தது. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பூக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "டெய்லர்க எல்லாம் இங்கன இல்லக்கா. எல்லாத்தையும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தி வருசக்கணக்காச்சு. அழகர் திருவிழாவுக்கு சல்லடம், உருமா தைக்கணும்னாலும் அங்கனதான் போகணும்" என்றார். பேசும்போதே விரல்கள் நிற்கவில்லை, நாரில் மல்லிகை இரண்டிரண்டாக ஏறிக்கொண்டே இருந்தது. அவர் ஒரு நிமிடத்தில் சொன்னது அந்த ஆப்பில் ஒரு வரிகூட இல்லை.

பெரிய ஏமாற்று இனிமேல்தான். 18 இடங்களில் ஏழு இடங்கள் மீனாட்சியம்மன் கோவிலுக்குள்ளே இருக்கின்றன. பொற்றாமரைக் குளம், கிளிக்கூண்டு மண்டபம், ஆயிரங்கால் மண்டபம் என்று வரிசையாகப் போகிறது. மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது நினைவிருக்கும். அதன் பிறகு நீதிமன்ற உத்தரவுப்படி வந்த தடை இது. வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். அந்த ஏழு இடங்களின் விளக்கத்தை அந்த இடத்தில் நின்று கேட்க வழியே இல்லை. இது வருடக்கணக்காக இருக்கிற விதி. தெரிந்தும் விற்றால் அது மோசடி, தெரியாமல் விற்றால் அவர்கள் அந்த வாசல் வரைக்கும்கூட வந்ததில்லை.

அதிலும் ஆப் சொன்ன நேரப்படி நடந்து நாங்கள் வாசலுக்கு வந்தபோது மணி 12.15. மதியம் 12.30-க்கு நடை சாத்திவிட்டு மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். டோக்கன் வாங்கி வரிசையில் போவதற்குள் சாத்திவிட்டார்கள். அந்த வெயிலில் அம்மாவைத் திரும்ப விடுதிக்குக் கூட்டிப்போய், சாயங்காலம் மறுபடி வந்து தரிசனம் செய்தோம். சாயங்காலம் போனும் இல்லை, காதில் எதுவும் இல்லை. அம்மா குளத்துப் படியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

ஊருக்கு வந்து எட்டாம் நாள் என் கணக்கில் 599 ரூபாய் பிடித்திருந்தது. அடுத்த அரை மணியில் அம்மாவின் கணக்கிலும் 599. பணம் கட்டும்போது யுபிஐ பின் போட்டேன் அல்லவா, அது 349-க்கு மட்டும் இல்லை. அந்தத் திரையின் அடியில் 'ஆட்டோபே, மாதந்தோறும்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. வாங்கியது ஒரு நடை என்று நான் நினைத்தேன். அவர்கள் கணக்கில் அது ஏழு நாள் சலுகை, பிறகு மாதச் சந்தா. ஆப்பை போனிலிருந்து அழித்தால் இது நிற்காது. உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் (பணத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ள நாம் கொடுத்த அனுமதி) என்ற பகுதிக்குள் போய் அங்கேதான் ரத்து செய்ய வேண்டும். பணம் பிடிப்பதற்கு முந்தின நாள் ஒரு அறிவிப்பு வரும், அம்மா மாதிரி பெரியவர்கள் அதைத் திறக்கவே மாட்டார்கள். வீட்டில் பெரியவர்களின் போனில் இந்தப் பகுதியை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள். அம்மாவின் போனில் இதோடு சேர்த்து வேறு ஒரு மேண்டேட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆப்காரர்களுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில், எழுத்து மாறாமல்: 'ஒலிப்பதிவைத் திறந்துவிட்டால் பணம் திரும்பத் தரப்படாது.' கோவிலுக்குள் போன் தடை பற்றி நான் எழுதியதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. விடுதியில் கேட்டேன். அட்டையை யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். மறுநாளே எடுத்துவிட்டதாகப் படம் அனுப்பினார்கள், அந்த மட்டில் நன்றி.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் கட்டிய ரசீது, 'நெட் இல்லாமலும் ஓடும்' என்ற விளம்பரத் திரை, நாற்பது நொடியில் நின்றுபோன திரை மூன்றையும் படமெடுத்து வைத்திருந்தது உதவியாக இருந்தது. உங்களுக்கும் இதுபோல் ஆகியிருந்தால், ஆப்பை அழிக்கும் முன் அந்தப் படங்களை எடுத்துவிடுங்கள். புகார் எண் வந்துவிட்டது, பணம் இன்னும் வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.