முதல் விமானம்: ஃபோமா, பால்சாவா?

ஞாயிறு காலை ஆறு மணிக்கே வற்றிய ஏரிக்குள் பைக்கை இறக்கி ஆர்.சி. விமானம், அதாவது ரிமோட்டில் ஓடும் குட்டி விமானம் விடுகிற கூட்டம் எங்களுடையது. சேலத்தில் புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ஃபோம் வாங்கட்டுமா, பால்சா மரத்தில் கட்டட்டுமா?" எனக்குப் பால்சா மேல்தான் உயிர். ஆனாலும் ஃபோம் என்றுதான் சொல்வேன்.

காரணம், கற்றுக்கொள்ளும்போது விமானம் கண்டிப்பாக விழும். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இடதும் வலதும் மாறிவிடும். நம் வலப்பக்கம் சாய்கிறதே என்று பதறி ரிமோட்டின் ஸ்டிக்கை இடதுபுறம் தள்ளினால் இன்னும் அதே பக்கம் சாய்ந்து தலைகுப்புற இறங்கும். எந்தப் பக்க இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ள வேண்டும் என்பது கைக்குப் பழக மாதக்கணக்காகும். என் முதல் ஃபோம் விமானம் அப்படித்தான் சீமைக்கருவேலம் புதரில் போய்க் குத்தியது. மூக்கு இரண்டு துண்டு, இறக்கையில் ஏழெட்டு முள். வீட்டுக்கு வந்து முள்ளைப் பிடுங்கி, ஹாட் க்ளூ வைத்து ஒட்டி, மேலே டேப் சுற்றி, அன்று மாலையே மறுபடி ஏற்றினேன். (தெர்மாகோல் மாதிரியான ஃபோமில் ஃபெவிக்விக் மட்டும் வைக்காதீர்கள், கரைத்துவிடும்.)

அதே புதரில் நண்பர் ஒருவரின் பால்சா ட்ரெய்னரும் (பழகுவதற்கான விமானம்) ஒருநாள் விழுந்தது. மேலே போர்த்திய படலம் கிழிந்து, உள்ளே இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் ரிப்கள் நாலைந்து நொறுங்கிவிட்டன. ஒவ்வொரு ரிப்பையும் பிளேடால் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பசை காயக் காத்திருந்து, அயர்ன் வைத்துப் படலத்தை இழுத்து ஒட்டி முடிக்க அவருக்கு இரண்டு வாரம் ஆனது. பொறுமைசாலி என்பதால் தாங்கினார், புதிதாக வந்த பையனாக இருந்தால் அத்தோடு விட்டுவிட்டுப் போயிருப்பான்.

சரி, பால்சாவில் என்னதான் இருக்கிறது? ஈக்வடாரிலிருந்து வரும் அந்த மரம் கையில் எடுத்தால் எடையே தெரியாது, ஆனால் இறக்கை முறுக்கிக்கொள்ளாது, காற்றடிக்கும் நாளிலும் போட்ட கோட்டில் போகும். அதில் ஒரு 40 சைஸ் (0.40 கன அங்குல) க்ளோ இன்ஜினைப் பூட்டி, மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளை ஊற்றி ஸ்டார்ட் செய்யும்போது வரும் வாசனைக்கும் சத்தத்துக்கும் ஈடே கிடையாது. அப்புறம் விமானம் முழுக்க வழியும் எண்ணெயைத் துடைப்பது தனி வேலை. ஃபோமில் பேட்டரியைச் செருகினால் போதும். மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 11.1 வோல்ட், முழுசாக ஏற்றினால் செல்லுக்கு 4.2. விடாத நாட்களில் 3.8-ல் நிறுத்தி வையுங்கள், சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள். அந்தச் சூட்டில் ஃபோம் இறக்கையும் வளையும், பால்சாவின் படலமும் தொய்யும், இதில் இரண்டும் ஒன்றுதான்.

எடையையும் பாருங்கள். பொழுதுபோக்குக்கு விடுகிறவர்களுக்கு 2 கிலோ வரை பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஃபோம் ட்ரெய்னர் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு அக்கம்பக்கம்தான், 40 சைஸ் பால்சா அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது, அதன் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிக்கு மேல் அனுமதி வாங்காமல் ஏற்றக்கூடாது, இன்னும் நெருங்கினால் கட்டுப்பாடு அதிகம். எந்த ஏரியாக இருந்தாலும் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் பெட்டியைத் திறப்போம்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் கணக்கே வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சேலத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் மெலிது. கீழே விடுகிற வேகத்திலேயே இறக்கினால் இறக்கை சட்டென்று காற்றில் பிடி விட்டு விமானம் விழுந்துவிடும், கொஞ்சம் வேகமாகத்தான் வர வேண்டும். க்ளோ இன்ஜின் அங்கே மூச்சுத் திணறும், கார்புரேட்டர் ஊசியைக் கொஞ்சம் மூடி எரிபொருளைக் குறைக்க வேண்டும். மின்மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை, ப்ரொப்பெல்லர் இழுப்பு மட்டும் குறையும். காபித் தோட்டமும் சில்வர் ஓக்கும் சூழ்ந்த இடத்தில் இறக்க வெட்டவெளி கிடைப்பதே அபூர்வம் என்பதால், லேசான ஃபோமை மட்டும்தான் நான் மலைக்கு எடுத்துப் போகிறேன். மேகம் இறங்க ஆரம்பித்தால் யோசிக்காமல் தரையிறக்குங்கள். வெள்ளை ஃபோம் அதற்குள் நுழைந்தால் கண்ணுக்கே தெரியாது. மேலே ஆரஞ்சு டேப்பும் அடியில் அகலமான கறுப்புப் பட்டையும் சேலத்திலேயே ஒட்டிக்கொண்டு போங்கள்.