சம்பள வேலைக்கு மாற்றாக நேரடி விற்பனை: ஓராண்டு அனுபவ மதிப்பீடு

மதுரையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், அந்த வேலையை விட்டுவிட்டு, ஊட்டச்சத்து மாவும் சலவைத் திரவமும் கடை வழியாக அன்றி முகவர்கள் மூலம் விற்கும் ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தில் முகவராகச் சேர்ந்து ஓர் ஆண்டு நிறைவடைந்துவிட்டது. பொருள்களின் தரத்தில் எனக்குக் குறையில்லை. சலவைத் திரவத்தை எங்கள் வீட்டில் இன்றும் பயன்படுத்துகிறோம். ஆனால் விலை மளிகைக் கடையில் கிடைப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், உறவினர்கள் முகத்துக்காக ஒருமுறை வாங்கினார்களே தவிர, மறுமுறை கேட்கவில்லை.

பயிற்சிக் கூட்டங்களில் காட்டப்பட்ட பெரிய வருமானம் சில்லறை விற்பனையில் வருவதன்று; நமக்குக் கீழே சேர்ந்தவர்கள் வாங்கும் சரக்கின் மீது கிடைக்கும் தரகுத் தொகையே அதன் பெரும்பகுதி. மாத இலக்கை எட்டுவதற்காக நானே வாங்கிக் குவித்த டப்பாக்கள் இன்னும் பரணில் இருக்கின்றன (அவற்றை வரவில் எழுத, கணக்கு எழுதிப் பழகிய என் மனம் ஒப்பவில்லை). பெட்ரோல் செலவையும் கூட்டக் கட்டணத்தையும் கழித்தால், மிஞ்சியது பழைய சம்பளத்தில் கால்பங்குகூட இல்லை. பழைய வேலையில் இருந்த வருங்கால வைப்பு நிதிச் சலுகையும் போயிற்று.

2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களை, அதாவது ஆள் சேர்ப்பதையே வருமான வழியாகக் கொண்ட திட்டங்களை, தடை செய்கின்றன. முகவர் அடையாள அட்டையும் முன் அனுமதியும் இன்றி வீடுகளுக்குச் செல்லக் கூடாது என்றும் கூறுகின்றன. பொருளைத் திருப்பித் தருவதற்கான காலக்கெடுவை ஒப்பந்தத்தில் படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு. மாலை நேரத் துணைத் தொழிலாக இதற்கு 5-க்கு 3 மதிப்பெண் தருவேன். முழுநேரப் பிழைப்பாக 1.