ஹூஸ்டன் தடயவியல் மையம்: பிழையை மறைக்காத ஓர் ஆய்வகத்தைப் பற்றிய மதிப்பீடு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் காவல்துறை கைப்பற்றும் தடயங்களை ஆராய்ந்து அறிக்கை தரும் ஹூஸ்டன் தடயவியல் மையத்தை ஒரு பொதுச் சேவையாக மதிப்பிட விரும்புகிறேன். காவல்துறை மட்டுமே இதன் பயனாளர் அன்று. அறிக்கையின் ஒரு வரியால் சிறைக்குப் போகக்கூடியவரும், குற்றத்தால் பாதிக்கப்பட்டு நீதிக்குக் காத்திருப்பவரும் இதன் பயனாளர்களே. ஆகவே, தன் வேலையை வெளியாரும் சரிபார்க்கும்படி இம்மையம் எந்த அளவுக்குத் திறந்து வைத்திருக்கிறது என்பதையே முதன்மையான அளவுகோலாகக் கொள்கிறேன்.

இதற்கு முன்பு அந்நகரில் இருந்தது காவல்துறையின் சொந்த ஆய்வகம். கூரை ஒழுகித் தடயப் பொருள்கள் நனைந்த அந்த இடத்தின் மரபணுப் பிரிவு, உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று குறைகளை வெளிக்கொணர்ந்து தணிக்கையும் நடந்த பிறகு, 2002 டிசம்பரில் மூடப்பட்டது. 16 வயதில் கைதான ஓர் இளைஞருக்கு, அந்த ஆய்வகத்தின் மரபணுச் சாட்சியத்தை நம்பி 1999-இல் 25 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. 2003-இல் நடந்த மறுசோதனை, தடயத்தில் இருந்த மரபணு அவருடையது அல்ல என்று காட்டியது. அதற்குள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் கழித்துவிட்டார். நகர நிர்வாகம் 2012-இல் தனி அமைப்பொன்றை உருவாக்கி, 2014 ஏப்ரலில் ஆய்வகத்தை அதனிடம் ஒப்படைத்தது. இன்று அதை வழிநடத்துவது காவல்துறைத் தலைவர் அல்லர், ஓர் இயக்குநர் குழு.

இம்மையத்தின் ஆகச் சிறந்த அம்சம் அங்கு நடக்கும் மறைசோதனை. பெரும்பாலான ஆய்வகங்களில் நிபுணரின் திறனைச் சோதிக்கும்போது, இது சோதனைதான் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அப்போது யாராக இருந்தாலும் கூடுதல் கவனத்துடன்தான் வேலை செய்வார். ஹூஸ்டனில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினர் சோதனைக்கென ஒரு போலி வழக்கை உருவாக்கி, உறை, முத்திரை, கோரிக்கைப் படிவம் எல்லாம் உண்மை வழக்கைப் போலவே அமைத்து, அன்றாட வழக்குகளோடு கலந்து அனுப்புகிறார்கள். கோரிக்கைகளை வாங்கி ஆய்வாளரிடம் சேர்க்கும் வழக்கு மேலாளர்கள், காவல்துறைக்கும் ஆய்வாளருக்கும் இடையே நிற்பதால்தான் இது சாத்தியமாகிறது. சந்தேகநபர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது போன்ற, ஆய்வுக்குத் தேவையற்ற செய்திகள் ஆய்வாளரின் காதுக்கு எட்டாமல் இருப்பதும் இந்த ஏற்பாட்டின் பயன். போலி வழக்கைச் சரியாகக் கண்டுபிடிக்கும் ஆய்வாளருக்குச் சிறு பரிசும் உண்டு. அப்படியிருந்தும், 2015 முதல் 2018 வரை ஆய்ந்து முடிக்கப்பட்ட 901 மறைமாதிரிகளில் 51 மட்டுமே அடையாளம் காணப்பட்டன. ஆக, சோதிக்கப்பட்டது அவர்களது அன்றாட வேலைதான் என்று துணிந்து சொல்லலாம்.

துப்பாக்கிப் பிரிவின் முடிவுகளைச் சற்று நின்று படிக்க வேண்டும். தோட்டாக்களையும், சுட்ட பின் எஞ்சும் வெற்றுக் குப்பிகளையும் ஒப்பிட்ட 51 மறைவழக்குகளின் முடிவுகளை மையம் 2022-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. தவறான முடிவு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரே துப்பாக்கியா, வேறு துப்பாக்கியா என்பதற்குத் திட்டவட்டமான விடை இருந்த ஒப்பீடுகளிலேயே, ஏறத்தாழ 40 சதவீதத்தில் ஆய்வாளர்கள் ‘முடிவு சொல்ல இயலாது’ என்று எழுதியிருக்கிறார்கள். இது எச்சரிக்கையா, அல்லது முறையின் வரம்பா என்று நிபுணர்கள் வாதிடலாம். நீதிமன்றத்தில் ‘பிழை இல்லை’ என்ற பாதி மட்டும் சொல்லப்பட்டு மற்ற பாதி விடுபடுமானால் அது பெரிய அநீதி என்பதே என் உறுதியான கருத்து. இரண்டையும் இம்மையமே வெளியிட்டதை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆய்வு நடைமுறைக் கையேடுகளும், ஆய்வகத்தில் நேர்ந்த தவறுகளையும் அவற்றுக்கு எடுத்த நடவடிக்கைகளையும் பதிவுசெய்யும் ஆவணங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் யாரிடமும் கையேந்தாமல் இவற்றைப் படித்து, குறுக்கு விசாரணைக்கு ஆயத்தமாகலாம். ஆனால் அந்த மொழி மற்ற ஆய்வாளர்களுக்காக எழுதப்பட்டது. சட்டம் படித்தவரே தடுமாறும் இடங்கள் பல. ஒவ்வொரு பிரிவுக்கும் எளிய நடையில் ஒரு விளக்கக் குறிப்பாவது சேர்க்க வேண்டும்.

குறைகள் இத்துடன் முடிவதில்லை. சோதிக்கப்படாமல் கிடந்த 6,600-க்கும் மேற்பட்ட பாலியல் வன்முறைத் தடயப் பெட்டிகளை வெளி ஆய்வகங்களின் துணையுடன் ஹூஸ்டன் நகரம் 2015-இல் ஆய்ந்து முடித்தது. அதற்குப் பிறகும் மரபணுப் பிரிவில் தேக்கம் திரும்பத் திரும்பத் தலைதூக்கியிருக்கிறது. முடிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அது வரும்வரை விசாரணைக் கைதியாக அடைபட்டிருப்பவருக்கு இத்தாமதமும் தண்டனைதான். நிதிக்குப் பெரிதும் நகர நிர்வாகத்தையே நம்பியிருப்பதால், மையத்தின் சுதந்திரம் ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தின்போது சோதனைக்கு உள்ளாகிறது.

என் மதிப்பீட்டில், வெளிப்படைத்தன்மைக்கு ஐந்துக்கு ஐந்து, வேகத்துக்கு இரண்டரை. தடயவியல் சாட்சியத்தைக் கையாளும் இளம் வழக்கறிஞர்களும் குற்றச்செய்தி எழுதும் பத்திரிகையாளர்களும் முதலில் அந்தத் துப்பாக்கி ஆய்வுக் கட்டுரையையும், அடுத்துத் தவறுகளின் பதிவுகளையும் படிக்கலாம். கையேடுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.