ரீலாக்கர் அடிச்ச யமஹா ட்ரம்பெட்: 11 வருஷம் வாசிச்சாச்சு, 4 மாசமா விலை போகல

பாளையங்கோட்டைல இருந்து தம்பி ஒருத்தன் நேத்து ராத்திரி போன் பண்ணினான். அண்ணே, என் ட்ரம்பெட்ட குடுத்துடலாம்னு இருக்கேன், உங்கள மாதிரி பழைய லாக்கர, அதாவது பித்தளை மேல இருக்கிற வார்னிஷ் பூச்ச, எடுத்துட்டு புதுசா அடிச்சு (ரீலாக்கர்) போட்டா நல்ல விலை வருமானு கேட்டான். நான் அன்னைக்குக் காலைலதான் மூணாவது தடவையா என்னோடதுக்கு விலைய குறைச்சிருந்தேன். கொஞ்சம் சத்தமா பேசிட்டேன், அவன் மேல ஒண்ணும் கோவம் இல்ல. இதே கேள்விய மனசுல வச்சிருக்கிற வேற யாருக்காவது உதவும்னு முழுசா இங்க எழுதறேன்.

என்கிட்ட இருக்கிறது யமஹா ஒய்டிஆர் 2335. போர், அதாவது குழாயோட உள் அகலம், 11.65 மில்லிமீட்டர், பெல், அதாவது விரிஞ்ச முனை, 123 மில்லிமீட்டர், வாசிக்கிறவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்ச கதை. 2014ல செகண்ட் ஹேண்டா 24,000க்கு வாங்கினேன். அன்னைலேர்ந்து தூத்துக்குடில எங்க பங்குக் கோயில் பேண்டுல இதுதான். கிறிஸ்துமஸ் கேரல், ஈஸ்டர் விடியக்காலம், கல்யாணம், அடக்கம், அப்புறம் வருஷா வருஷம் ஜூலை 26 கொடியேத்தத்துல ஆரம்பிச்சு ஆகஸ்ட் 5 வரைக்கும் பனிமய மாதா திருவிழா. அந்த நாட்கள்ல கடல் காத்துலயும் கூட்டத்து வேர்வையிலயும் மணிக்கணக்கா நின்னு வாசிச்சிருக்கேன்.

முதல்ல வால்வு பத்தி சொல்லியே ஆகணும். 11 வருஷத்துல ஒரு நாள் கூட என்னைக் கைவிட்டதில்ல. விரலால அமுக்கினா வால்வுக்குள்ள ஏறி இறங்கற பிஸ்டன் மோனல், அதாவது நிக்கலும் செம்பும் கலந்த உலோகம், உப்புக் காத்து அதைத் தொட முடியல. நான் செஞ்சதெல்லாம் ரெண்டே வேலை, வாசிக்கிற அன்னைக்கு ரெண்டு சொட்டு ஆயில், மாசம் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணில கழுவி நீள பிரஷ் விட்டு உள்ள இருக்கிற எச்சில் அழுக்க எடுக்கிறது. இன்னைக்கும் வால்வ அமுக்காம ரெண்டாவது வால்வோட ஸ்லைட, அதாவது வெளிய இழுக்கற சின்னக் குழாய, மெதுவா இழுத்து, அஞ்சு வரைக்கும் எண்ணிட்டு வெளிய எடுத்தாலும் 'டொப்'னு சத்தம் வரும். காத்து கசியலைன்னு அதுக்கு அர்த்தம். செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறவங்க வேற எதையும் பாக்காட்டியும் இந்த ஒண்ண மூணு வால்வுலயும் செஞ்சு பாத்துடுங்க.

லாக்கர் வேற கதை. இடது கை பிடிக்கிற இடத்துல, வால்வு இருக்கிற கூட்ட (கேஸிங்) சுத்தி, அஞ்சாறு வருஷத்துலயே போயிடுச்சு. அது கம்பெனி குத்தம் இல்ல, என் கை வேர்வையும் எங்க ஊர் காத்தும் சேந்து செஞ்ச வேலை. லாக்கர் போன இடமெல்லாம் பித்தளை பழுப்பேறி, மூலைல லேசா பச்சைக் களிம்பு. எங்க அம்மா குத்துவிளக்கு தேய்க்கும்போதெல்லாம் அதையும் குடுடா, புளி போட்டு தேச்சுத் தாரேன்னு கேப்பாங்க. நான் குடுக்கல. உள்ளங்கை அச்சு மாதிரி இருந்த அந்தப் பழுப்பு எனக்கு ஒரு நாளும் உறுத்தினதில்ல.

போன வருஷம் மேல் முன் பல்லு ரெண்டு எடுக்க வேண்டியதாப் போச்சு. கட்டின பல்லுல மவுத்பீஸ் அழுத்தினா வலி, மேல் ஜி ஸ்வரத்த தொடவே முடியல. பிள்ளைகளுக்கு சொல்லிக் குடுக்கிறதோட நிறுத்திக்கலாம், கருவிய வாசிக்கிற கையில குடுத்துடலாம்னு முடிவு பண்ணினேன். அப்பதான் அந்தத் தப்ப செஞ்சேன், விக்கப் போறோமே பளபளன்னு இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சு வேற ஊர்ல ஒரு பட்டறைல ரீலாக்கருக்குக் குடுத்தேன். 8,500 ரூபா.

அவங்க செஞ்ச நல்லதையும் சொல்லணும். பெல் வளைவுல இருந்த ரெண்டு ஒடுக்க எடுத்தது அவ்வளவு சுத்தம், விரல் வச்சுத் தடவினாலும் தெரியாது. குழாய்ங்கள சேத்துப் பிடிக்கிற பிரேஸ் ஒண்ணு விட்டுப்போயிருந்தத சால்டர் வச்சுக் குடுத்தாங்க, சொன்ன தேதில குடுத்தாங்க. பெட்டியத் திறந்தப்ப நெஞ்சு நெறஞ்சு போச்சு, 2014ல கூட இது இப்படி மின்னல.

வீட்டுக்கு வந்து வாசிக்க எடுத்தா ரெண்டாவது வால்வு அமுக்கினது மேல வரல. 11 வருஷமா சிக்காத வால்வு! உள்ள பாத்தா கருப்பு மை மாதிரி பிசுபிசுன்னு, பஃப் அடிக்கிற, அதாவது சக்கரத்துல வச்சு பாலிஷ் போடற கலவை. பழைய லாக்கர கெமிக்கல்ல ஊற வச்சு எடுக்காம சக்கரத்துல வச்சே உரிச்சிருக்காங்க, அந்தக் கலவை கேஸிங்குக்குள்ள, ஸ்லைடு இடுக்குல, பிரேஸ் மூலைல எல்லாம் போய் உக்காந்திருக்கு, நாலு தடவை கழுவினேன், இப்பவும் மூணாவது ஸ்லைட துணி வச்சுத் தொடச்சா ஒரு கருப்புக் கோடு வருது. அதக் கூட பொறுத்துக்கலாம். சக்கரம் லாக்கர மட்டும் எடுக்கிறதில்ல, அடில இருக்கிற பித்தளையையும் சேத்து எடுக்கும். பெல்லுல இருந்த எழுத்தோட ஓரமெல்லாம் மழுங்கிப் போச்சு. ரெண்டாவது வால்வு கேஸிங்குல இருக்கிற சீரியல் நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்த வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாதான் படிக்க முடியுது.

இந்த சீரியல் நம்பர் விஷயம்தான் நாலு மாசமா என்னைப் போட்டுப் படுத்துது. யமஹா பேர்ல போலி கருவிங்க சுத்துது, அதனால விவரம் தெரிஞ்ச எவரும் முதல்ல நம்பரத்தான் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றாங்க. மழுங்கின நம்பர அனுப்பினா அதுக்கப்புறம் பதிலே வராது. அவங்க இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

விலை போட்டதுலயும் தப்புப் பண்ணினேன். வாங்கின 24,000, செலவழிச்ச 8,500, கூட்டினா 32,500, அதனால 32,000னு போட்டுட்டேன். நான் செலவழிச்சது என் கணக்கு, வாங்கறவனுக்கு அதுல என்ன இருக்கு? இதே மாடல் லாக்கர் போய், வால்வு நல்லா, கம்பெனில இருந்து வந்தபடியே இருந்தா என்ன போகுமோ அதுதான் மேல் வரம்பு, ரீலாக்கர்னா அதுலேர்ந்து கீழ இறங்கணும். சாக்ஸபோன் ஆளுங்களுக்கு இது நல்லா தெரியும். செல்மர் மார்க் சிக்ஸ், 1954ல வந்த மாடல், அதுல பழைய லாக்கர் உரிஞ்சு திட்டுத் திட்டா இருக்கிறதுக்குக் குடுக்கிற விலைய, புதுசா லாக்கர் அடிச்சு மின்னுறதுக்குக் குடுக்க மாட்டாங்க. செகண்ட் ஹேண்ட் பைக்க முழுசா ரீபெயின்ட் அடிச்சு நிறுத்தினா எங்க விழுந்த வண்டினு கேக்க மாட்டோமா, அதே சந்தேகம்தான். பித்தளைல துத்தநாகம் அரிச்சு வெளிய போனா செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்பா புள்ளி விழும், அது பெரும்பாலும் லீட் பைப்ல, அதாவது மவுத்பீஸ் மாட்டற முதல் குழாய்ல, எச்சில் பட்டு உள்பக்கம் இருந்து ஆரம்பிக்கும். வெளிய அந்தப் புள்ளி தெரிஞ்சா பைப்போட ஆயுசு முடியப் போகுதுனு அர்த்தம். பஃப் அடிச்சு லாக்கர் போட்டா புள்ளி கொஞ்ச நாளைக்குக் கண்ணுக்குத் தெரியாது. என் பைப்ல அப்படி ஒண்ணும் இருந்ததில்ல, ஆனா இல்லைன்னு காட்ட இருந்த தோல நானே காசு குடுத்து உரிச்சுட்டேன்.

விக்கப் போட்டிருக்கிற ஆப்ல வர்ற மெசேஜ் பத்தி அதிகம் சொல்ல விருப்பமில்ல. லாஸ்ட் பிரைஸ் என்ன, 8க்கு வருமா, கீபோர்டு இருக்கு மாத்திக்கலாமா. மீரட்ல பேண்டு கருவிங்க செய்யற ஜலி கோட்டி பக்கம் செஞ்ச புது ட்ரம்பெட்டே பத்தாயிரத்துக்குள்ள கிடைக்குதேனு ஒருத்தர் கேட்டார், அவருக்கு வால்வு வித்தியாசத்த ரெண்டு பாரா எழுதி அனுப்பினேன், படிச்சாரானு தெரியல. 32லேர்ந்து 27, 27லேர்ந்து 23, நேத்து 18,500.

நேத்து விலைய குறைச்சப்ப இன்னொண்ணும் செஞ்சேன். ரீலாக்கர் அடிச்சதுனு முதல் வரிலயே எழுதினேன், முன்னாடி அத கடைசி வரில போட்டிருந்தேன், அது சரியில்ல. அப்புறம் பேண்டுப் பசங்ககிட்ட கேட்டு பழைய திருவிழா போட்டோ மூணு வாங்கி சேத்தேன், என் கையும் அந்தப் பழுப்பும் நல்லா தெரியற மாதிரி க்ளோசப்ல ஒண்ணு, அதுல சீரியல் நம்பரும் முழுசா படிக்க முடியுது. சாயங்காலமே சாத்தூர்லேர்ந்து ஒரு ஸ்கூல் பேண்டு மாஸ்டர் பேசினார். டார்ச் அடிச்சு லீட் பைப் உள்பக்கம் ஒரு வீடியோ, ஸ்லைடு 'டொப்' சத்தத்தோட ஒரு வீடியோ, கீழ் சி-லேர்ந்து மேல வரைக்கும் ஒரு ஸ்கேல், இவ்வளவுதான் கேட்டார். பளபளப்பு பத்தி ஒரு வார்த்தை பேசல. அந்தப் பழுப்பு போட்டோவப் பாத்துட்டுத்தான் சார் கூப்பிட்டேன்னார். நாலு மாசத்துல எனக்குக் கிடைச்ச ஒரே சந்தோஷம் அதுதான்.

அதனால தம்பி, ஒண்ணும் பண்ணாத. ஒடுக்கு இருந்தா எடு, ஸ்லைடு சிக்கியிருந்தா விடுவி, நல்லா கழுவு, வெயில் வெளிச்சத்துல ஃப்ளாஷ் இல்லாம போட்டோ எடு, குறை இருக்கிற இடத்த முதல் போட்டோவா போடு. பார்சல்ல அனுப்பறதா இருந்தா மவுத்பீஸ கழட்டி தனியா சுத்தி வை, மாட்டியபடி அனுப்பினா இறுகிடும், கேஸுக்குள்ள சும்மா போட்டா அதுவே ஒடுக்கு போட்டுடும். இந்த மாடல் செகண்ட் ஹேண்ட்ல வந்தா கண்ண மூடிட்டு வாங்குங்கனு பத்து வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தவன் நான், இப்ப ரீலாக்கர் அடிச்சதுன்னா வாங்காதீங்கனு சொல்றேன், என்னோடதையும் சேத்துத்தான்.

சாத்தூர் மாஸ்டர் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வர்றார். நேர்ல வாசிச்சுப் பாத்து எடுத்துக்கட்டும். 17,000க்குக் கீழ கேட்டா குடுக்கிறதா இல்ல, இது வீட்லயே இருக்கட்டும், பிள்ளைங்க வாசிப்பாங்க. மூணாவது ஸ்லைட இன்னொரு தடவை கழுவி காய வச்சிருக்கேன்.