சுமாட்ரிப்டான் 50 மி.கி. மாத்திரை: பல வருஷமா போடுறேன், ரிசப்டர் கெட்டுப்போகுமா?

மைக்ரேன் இருக்கவங்களுக்கு இந்த மாத்திரைய அறிமுகப்படுத்த வேண்டியதில்ல. மைக்ரேன் அட்டாக்க நிறுத்தப் போடுற ட்ரிப்டான்ங்கற மருந்து வகையில, 1990கள் ஆரம்பத்துல முதல்ல மார்க்கெட்டுக்கு வந்தது இதுதான். ஒரு பக்கம் விண்ணு விண்ணுன்னு தெறிக்க ஆரம்பிச்ச உடனே போட்டா எனக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வலி இறங்கிடும், குமட்டலும் கூடவே போயிடும், வெளிச்சத்த பாக்க முடியும். வலி உச்சத்துக்கு போனப்புறம் போட்டா பாதிதான் கேக்குது.

போட்ட கொஞ்ச நேரத்துல கழுத்து இறுக்கமா இருக்கும், நெஞ்சுல ஒரு அழுத்தம், விரல்ல மதமதப்பு. பெரும்பாலும் அது தானா போயிடும். ஆனா ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் வந்தவங்க, பிபி கட்டுக்குள்ள இல்லாதவங்க இத தொடவே கூடாது, ஏன்னா இது வேலை செய்யற செரோட்டோனின் 1பி ரிசப்டர் (செரோட்டோனின்ங்கற உடம்போட ரசாயனம் வந்து ஒட்டுற இடம்) மூளையோட ரத்தக்குழாய்ல மட்டும் இல்ல, இதயத்தோட ரத்தக்குழாய்லயும் இருக்கு, அங்கயும் கொஞ்சம் சுருக்கும்.

சரி, எல்லாரும் கேக்குற கேள்விக்கு வரேன். வருஷக்கணக்கா போட்டா ரிசப்டர் மரத்துப் போயிடுமா? இந்த மருந்தோட பாதி ரெண்டு மணி நேரத்துலயே உடம்ப விட்டு போயிடும், அதனால எப்பவாவது ஒண்ணு போட்டா அடுத்த அட்டாக் வர்றதுக்குள்ள ரிசப்டருக்கு நிறைய ஓய்வு கிடைக்குது. எனக்கு முதல் வருஷம் கேட்ட மாதிரியேதான் இன்னிக்கும் கேக்குது. பிரச்சனை அடிக்கடி போடும்போதுதான். எலிகளுக்கு ட்ரிப்டான நாள் கணக்குல விடாம கொடுத்து பாத்தப்போ முகம், தலையோட உணர்ச்சிய கடத்துற ட்ரைஜெமினல் நரம்புல சிஜிஆர்பிங்கற வலி கடத்துற பொருள் கூடிப்போச்சு, மருந்த நிறுத்தினப்புறமும் சும்மா ஒரு ஸ்ட்ரெஸ்ஸுக்கே அந்த நரம்பு உஷாராயிடுச்சு. மனுஷங்கள்ல இதுக்கு டாக்டர்கள் வச்சிருக்க கணக்கு, மாசத்துல 10 நாள் இல்ல அதுக்கு மேல, மூணு மாசம் தாண்டி போட்டா மருந்தே தலைவலிய வரவைக்கும். பாராசிட்டமால் மாதிரி சாதா மாத்திரைக்கு அதுவே 15 நாள். நிறுத்தினா முதல் சில நாள் படுத்தி எடுக்கும், அப்புறம் நிறைய பேருக்கு பழைய நிலைக்கு வந்துடுது. அதனால எத்தன வருஷமா போடுறீங்கன்னு பயப்படாதீங்க, மாசத்துக்கு எத்தன நாள்னு காலண்டர்ல குறிங்க. நான் குறிக்கிறேன்.

இதய வால்வு கெட்டுடும்னு ஒரு பயமும் சுத்துது. அது 1960கள்ல வந்த மெத்திசெர்ஜைடுங்கற பழைய மருந்தோட கதை, அது செரோட்டோனின் 2பிங்கற வேற ஒரு ரிசப்டர தூண்டி வால்வுலயும் வயித்துக்குப் பின்னாடியும் தழும்பு மாதிரி திசு வளர வச்சுது, அதனாலதான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ நிறுத்தி வைக்க சொன்னாங்க. ட்ரிப்டான் அந்த ரிசப்டர்ல ஒட்டுறதே ரொம்ப கம்மி. டிப்ரஷன் மாத்திரையோட சேந்தா செரோட்டோனின் சிண்ட்ரோம் (உடம்புல செரோட்டோனின் வேலை அளவுக்கு மீறிப் போற ஆபத்தான நிலை) வரும்னு 2006ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிச்சுது, ஆனா 2018ல வெளியான பெரிய ஆய்வுல அது ரொம்பவே அபூர்வம்னு தெரிஞ்சுது. இருந்தாலும் என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு டாக்டர்கிட்ட முழுசா சொல்லிடுங்க, எம்ஏஓ தடுப்பான்ங்கற வகை மருந்து (சில பழைய டிப்ரஷன் மாத்திரை இந்த வகை) எடுக்கறவங்களுக்கு இது கண்டிப்பா ஆகாது.

10 நாள் கணக்க நெருங்கறவங்க தினமும் போடுற தடுப்பு மருந்து பத்தி கேளுங்க, ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட்னு நிறைய இருக்கு. இதயப் பிரச்சனை இருக்கவங்களுக்கு ரத்தக்குழாய சுருக்காத லாஸ்மிடிட்டான், சிஜிஆர்பிய தடுக்கற ஜெபான்ட் வகை மருந்தெல்லாம் வந்தாச்சு, ஆனா லாஸ்மிடிட்டான் போட்டா எட்டு மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது.

என் மார்க் 5க்கு 4. ஒரு மார்க்க குறைச்சது மருந்துக்காக இல்ல, நான் வாங்கற பிராண்டோட அட்டைக்காக. அந்த 10 நாள் விஷயத்த உள்ள மடிச்சு வச்ச பேப்பர்ல, பொடி எழுத்துல போட்டிருக்காங்க, தலைவலியோட இருக்க ஒருத்தர் அத எப்படி படிப்பாரு? அட்டை மேலயே பெருசா அச்சடிக்கணும்.