மேடை, பள்ளி, ஆடிஷன், சொந்தப் படம்: வேலையில்லாத மாதங்களை வைத்து ஓர் ஒப்பீடு

நடிக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது, எந்த வழியாக உள்ளே போவது என்றுதான். நாடகக் குழுவில் சேரலாமா, நடிப்புப் பள்ளிக்குப் பணம் கட்டலாமா, நேராக ஆடிஷனில் போய் நிற்கலாமா, இல்லை நாமே எழுதிப் படம் எடுத்துவிடலாமா? நான்கிலும் பேர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஜெயித்தவர்களின் பட்டியலைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. நான் பார்ப்பது வேறொன்று. ஒரு படம் முடிந்து அடுத்தது வராத ஆறு மாதமோ ஒரு வருஷமோ, நீங்கள் வந்த வழி உங்கள் கையில் என்ன மிச்சம் வைத்திருக்கிறது? பெரும்பாலான நடிகர்களுக்குப் படப்பிடிப்பு நாட்களைவிட இந்த நாட்கள்தான் அதிகம். ஆளைத் தேய்ப்பதும் இவைதான்.

நேரடி வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். பயிற்சி எதுவும் இல்லாமல், முகமும் உடல்மொழியும் பாத்திரத்துக்குப் பொருந்தியதால் தேர்வாவது. உலக சினிமாவில் மறக்க முடியாத சில முகங்கள் இப்படி வந்தவைதான். விட்டோரியோ டி சிகா 1948-ல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தில் அப்பாவாக வரும் லம்பெர்த்தோ மஜ்ஜொரானி ஓர் ஆலைத் தொழிலாளி. படம் உலகமெங்கும் ஓடியது. அவர் ஆலைக்குத் திரும்பினார், அப்புறம் அந்த வேலையும் போனது. நடிப்பையே தொடரப் பார்த்தார். கிடைத்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன வேடங்கள். வேலை தேடி அலையும் ஒருவனாக அவ்வளவு உண்மையாக நடித்தவருக்கு நிஜத்திலும் அதே கதி வந்ததை நினைத்தால் மனசு கனக்கிறது. அவர் மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை. அவருக்குள் இருந்த ஒன்றை இயக்குநர் வெளியே கொண்டுவந்தார். அதைத் தானாகவே மறுபடி எடுத்துக் காட்டுவதற்கான பயிற்சியை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. நேரடி வழியில் வருகிற பலருக்கும் இரண்டாவது படத்தில்தான் இந்தச் சிக்கல் தெரியவரும்.

நடிப்புப் பள்ளி இந்தக் குறையைத்தான் தீர்க்கப் பார்க்கிறது. சான்ஃபோர்ட் மைஸ்னர் நியூயார்க்கில் கற்பித்த ஒரு பயிற்சியைப் பாருங்கள். இருவர் எதிரெதிரே உட்காருகிறார்கள். ஒருவர் சொல்கிறார்: "நீ நீலச் சட்டை போட்டிருக்கிறாய்." மற்றவர்: "நான் நீலச் சட்டை போட்டிருக்கிறேன்." திரும்பத் திரும்ப இதே வரிதான். முதல் சில நிமிடம் அபத்தமாக இருக்கும். பிறகு எதிரில் இருப்பவர் லேசாக எரிச்சலாகிறார், அந்த எரிச்சல் உங்கள் குரலில் ஏறுகிறது, நீங்கள் 'நடிக்காமலே' வரியின் தொனி மாறிவிடுகிறது. எதிராளியை உண்மையாகவே கவனிப்பது என்றால் என்ன என்று உடம்புக்குப் புரியும் இடம் அது. தனியாகக் கண்ணாடி முன்னால் நின்று எத்தனை வருஷம் பேசினாலும் இது வராது.

நல்ல பள்ளி கேமராவின் கணக்குகளையும் சொல்லித்தரும். தூரத்திலிருந்து எடுக்கும் வைட் ஷாட்டில் எந்தச் சொல்லில் தம்ளரைத் தூக்கினீர்களோ, நெருங்கி எடுக்கும் குளோசப்பிலும் அதே சொல்லில்தான் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் எடிட்டருக்கு அந்த டேக் உதவாது, உங்கள் நல்ல நடிப்பு வெட்டுப்பட்டுப் போகும். தரையில் ஒட்டிய குறியைக் குனிந்து பார்க்காமல் அதில் வந்து நிற்பது, முடிவுக் காட்சியை முதல் நாளே எடுக்கும்போது பாத்திரம் அதற்குள் எதையெல்லாம் கடந்து வந்திருக்கும் என்று மனசில் வைத்துக்கொள்வது, எல்லாமே கற்றுக்கொள்ளக்கூடியவை.

ஆனால் பள்ளிக்கு இரண்டு குறைகள். ஒன்று கடன். கடன் வாங்கிப் படித்து வெளியே வருகிற நடிகருக்குப் பொறுமையாக இருக்க வசதியில்லை. மாதத் தவணைக்காக வந்த வேடத்தையெல்லாம் ஒப்புக்கொள்வார், அல்லது நடிப்பையே விட்டுவிடுவார். இரண்டாவது, பெரும்பாலான பள்ளிகள் சான்றிதழ் கொடுத்ததும் கதவைச் சாத்திவிடும். 1947-ல் நியூயார்க்கில் தொடங்கிய நடிகர்களுக்கான பயிற்சிக்கூடம் ஆக்டர்ஸ் ஸ்டுடியோவின் ஏற்பாடு எனக்குப் பிடித்தது இதனால்தான்: ஆடிஷனில் தேறி உறுப்பினராகிவிட்டால் ஆயுளுக்கும் உறுப்பினர், கட்டணம் கிடையாது. பேர் வாங்கிய பிறகும் போய் ஒரு காட்சியைச் செய்து பார்க்கலாம், சொதப்பலாம், சக நடிகர்கள் சொல்வதைக் கேட்கலாம்.

மேடை நாடகத்தில் இந்த வசதி இயல்பாகவே இருக்கிறது. பட வாய்ப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒத்திகை நடந்துகொண்டே இருக்கும். ஒரே பாத்திரத்தை இருபது இரவு செய்யும்போது, நேற்று சிரித்த வரிக்கு இன்று ஏன் சிரிப்பு வரவில்லை என்று யோசிக்கக் கற்றுக்கொள்வீர்கள். நடிப்பில் இதைவிடப் பெரிய பாடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நஸீருத்தீன் ஷா தேசிய நாடகப் பள்ளியிலும் புனே திரைப்படக் கல்லூரியிலும் படித்தவர். சினிமாவில் நிலைபெற்ற பிறகும் 'மோட்லி' குழுவோடு மேடையை விடவே இல்லை. மேடையிலிருந்து வருபவர்களிடம் ஒரு பழக்கத்தை மட்டும் திருத்த வேண்டியிருக்கும்: கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று வளர்த்த குரலும் கை வீச்சும் குளோசப்பில் மிகையாகத் தெரியும். சில வாரங்களில் சரி செய்துவிடலாம். பணம் வராதே என்பது இதைவிடப் பெரிய குறை, அது உண்மையும்கூட.

ஆடிஷன்களில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று எதிர்வசனம் படித்துக்கொடுக்கும் வேலையைச் சில காலம் செய்திருக்கிறேன். மேடையில் பழகியவர்களின் வித்தியாசம் அங்கே கண்ணெதிரே தெரியும். வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டு வந்து, என் வரி முடிவதற்காகக் காத்திருப்பவர்கள் ஒரு வகை. நான் வேண்டுமென்றே ஒரு வரியைத் தாழ்த்திப் படித்தால் அதைக் கேட்டுத் தன் பதிலையும் தாழ்த்துபவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினரில் பலர் மேடையிலிருந்து வந்தவர்கள். தேர்வானாலும் ஆகாவிட்டாலும் அவர்கள் முகம் விழுந்து போவதில்லை என்பதையும் கவனித்தேன். அந்த அறையில் அவர்கள் ஒரு காட்சியை நடித்துவிட்டுத்தான் போனார்கள்.

நான்காவது, தானே எழுதி நடிப்பது. சில்வெஸ்டர் ஸ்டாலோன் 'ராக்கி' கதையை எழுதிவிட்டு, தன்னையே நாயகனாகப் போட்டால்தான் தருவேன் என்று நின்றது (1976) எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அமெரிக்க நடிகர்-இயக்குநர் ஜான் கசாவெட்டிஸ் வழிதான் நிதானமானதாகப் படுகிறது: பிறர் படங்களில் நடித்துச் சம்பாதித்ததைத் தன் சொந்தப் படங்களில் போட்டார், அதே நண்பர் கூட்டத்தோடு பல வருஷம் வேலை செய்தார். பிரிட்டிஷ் நடிகை ஃபீபி வாலர்-பிரிட்ஜ் 2013-ல் எடின்பரோ கலை விழாவில் தனியாளாக மேடையேற்றிய 'ஃப்ளீபேக்' 2016-ல் தொலைக்காட்சித் தொடரானது. இந்த வழியில் சும்மா இருக்கும் மாதங்களே எழுதும் மாதங்கள் ஆகின்றன. யாருடைய அழைப்புக்கும் காத்திருக்க வேண்டாம். ஆனால் எழுத வராதவர் இதை வலிந்து செய்தால், தனக்குச் சுலபமான வேடத்தையே திரும்பத் திரும்ப எழுதிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால் அவர் கதையில் நடியுங்கள், அது போதும்.

ஆக, என்னிடம் கேட்டால் முதலில் மேடை, கூடவே வருஷத்துக்கு ஒன்றிரண்டு குறும்படம். கடனில்லாமல் முடியுமானால் மட்டும் பள்ளி. ஆடிஷனுக்கு எந்த நிலையிலும் போய்க்கொண்டிருக்கலாம், அதை மட்டுமே வழியாக வைத்துக்கொள்ளாதவரை.

சரி, சோற்றுக்கு? இங்கேயும் இரண்டு தேர்வுகள். தொழிலுக்கு வெளியே வேலை பார்ப்பது ஒன்று. ஹாரிசன் ஃபோர்ட் தச்சு வேலை கற்றுக்கொண்டு குடும்பத்தை நடத்தினார், அதனால் பிடிக்காத வேடங்களை மறுக்க முடிந்தது. தொழிலுக்குள்ளேயே வேறு வேலை பார்ப்பது மற்றொன்று. விக்ரம் 1990-ல் நாயகனாக அறிமுகமாகி, 'சேது' 1999-ல் வரும்வரை பிற நாயகர்களுக்கு டப்பிங் பேசினார். விஜய் சேதுபதி சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையில் கணக்கர் வேலை பார்த்துக்கொண்டே நடிகர்கள் பயிற்சி செய்வதைக் கவனித்தவர். நான் இரண்டாவதையே சொல்வேன், அதிலும் டப்பிங்கை. அடுத்தவர் உதட்டசைவுக்குள் உணர்ச்சியைப் பொருத்தும்போது மூச்சு எங்கே விடுவது என்பது தானாகப் படியும். சில மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆடிஷனுக்கும் இடையூறில்லை. உதவி இயக்குநர் வேலையில் கற்பது அதிகம்தான், ஆனால் அது நாள் முழுவதையும் விழுங்கிவிடும், நடிக்கக் கூப்பிட்டால் போக முடியாது.

குரலை விற்கப் போகிறவர்கள் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். 2023-ல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு, நடிகரின் முகத்தையும் குரலையும் கணினியில் நகலெடுத்துப் பயன்படுத்துவதும் ஒரு காரணம். பதிவான குரலை வைத்துச் செயற்கைக் குரல் உருவாக்க அனுமதிக்கும் வரி ஒன்று தாளில் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வேலை வேண்டாம்.