அமுக்கரா: சூரணமா, கேப்ஸ்யூலா, கிழங்கா?

நள்ளிரவு 2 மணிக்கு விழித்தால் விடியும்வரை கண் மூடாத தொல்லை சென்ற ஆண்டு எனக்கும் அம்மாவுக்கும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வந்தது. வைத்தியர் இருவருக்கும் அமுக்கராவை (அசுவகந்தா என்னும் மூலிகையின் வேர்க்கிழங்கு) சொல்லி, எந்த வடிவில் வாங்குவது என்பதை எங்களிடமே விட்டுவிட்டார். மூன்று வடிவங்களையும் வாங்கிப் பார்த்துவிட்டு இன்று நான் கிழங்கின் பக்கம் நிற்கிறேன்.

அமுக்கரா சூரணம் என்று கேட்டால் தனி அமுக்கராப் பொடி கிடைக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் அந்தப் பெயர் ஒரு கூட்டு மருந்துக்கு உரியது. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரு மடங்காக ஏறும். கூட்டிப் பார்த்தால் பாதி சர்க்கரை. அமுக்கரா கால் பங்குதான். சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்கு அது ஆகாது.

எனக்கு அது ஆகியிருக்கும். ஆனால் மழை விடவில்லை. இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) தொடங்கினால் நடுவில் சற்று ஓய்ந்து, ஐப்பசியில் மீண்டும் பிடித்துக்கொள்ளும் மழை நம் குமரி மாவட்டத்து மழை. அமுக்கராவோ மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் போன்ற வறண்ட பகுதிகளில் விளைந்து வரும் மாவுக்கிழங்கு. ஆனி மாதத்தில் சூரணப் புட்டிக்குள் கரண்டி இறங்காத அளவுக்குச் சர்க்கரை கட்டிபிடித்திருந்தது. அதற்குப் பதிலாக வாங்கிய தனிப் பொடியை ஆடியில் பிரித்தபோது பொட்டலத்தின் ஓரத்தில் வண்டு ஊர்ந்தது. மருந்தின் குணத்தை ஒப்பிடுமுன், அது வீட்டில் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதைத்தான் இங்குள்ளவர்கள் பார்க்க வேண்டும்.

முழுக்கிழங்கு இந்த ஈரத்தைத் தாங்குகிறது. நாகர்கோவில் கோட்டாற்றில் வாங்கும்போதே ஒன்றை ஒடித்துப் பார்க்கலாம். சட்டென முறிந்து உள்ளே வெள்ளை மாவாகத் தெரிந்தால் நல்லது. வளைந்தால் ஈரம் இருக்கிறது. ஊசித்துளை இருந்தால் வண்டு ஏற்கெனவே குடியேறிவிட்டது. முறித்த இடத்தில் எழும் குதிரை வாடையால்தான் அதற்கு அசுவகந்தம் என்று பெயர். வேருடன் இலை கலந்திருக்குமோ என்ற ஐயமும் கிழங்கில் எழாது. இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021-இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

வேலை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. பீங்கான் பரணியில் மூடிவைத்த கிழங்கிலிருந்து மாதத்திற்குத் தேவையானதை மட்டும் எடுத்து இடித்து, பசும்பால் தெளித்துப் பிசறி, புட்டு அவிப்பதுபோல் ஆவியில் வேகவைத்து, காயவைத்து, மறுபடியும் இடித்துச் சலிக்க வேண்டும். இந்தப் பிட்டவியல்தான் சித்தர் முறையில் அதற்கான சுத்தி, அதாவது மருந்துச்சரக்கைத் தூய்மை செய்யும் முறை. மழைக்காலத்தில் இரண்டு நாள் வெயில் தெளியும்வரை காத்திருக்க நேர்கிறது. படுக்குமுன் வெதுவெதுப்பான பாலில் 3 கிராம் அளவு எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் வாரத்திற்குப் பிறகே இடைவிழிப்பு குறைந்தது.

வேர்ச்சாரம் அடைத்த 300 மில்லிகிராம் கேப்ஸ்யூலுக்கு ஈரமும் இல்லை, இடிப்பும் இல்லை. இரண்டு மாதமே உண்டேன் என்பதால் அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த நாட்களில் தூக்கத்தில் வேறுபாடு எதையும் நான் உணரவில்லை. வாங்குவோர் உறையில் வேர் மட்டும் என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்கட்டும். வெளியூர்ப் பயணத்திற்கு இன்றும் அதைத்தான் எடுத்துச் செல்கிறேன்.

எந்த வடிவமானாலும் கருவுற்ற பெண்கள் இதைத் தவிர்க்க வேண்டும்; தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், சர்க்கரைக்கோ தூக்கத்திற்கோ மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. அம்மாவுக்கு வைத்தியர் என் அளவில் பாதியைத்தான் அனுமதித்தார், அதுவும் ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு.